கூரை முதலில், மேடை பிறகு

சுவரும் கூரையும்: வாசகர் கேள்வி – பதில்

பூட்டிக்கிடக்கும் பழைய தேவாலயம் ஒன்றை ஊர்மக்களின் கலைக்கூடமாக்கலாமா என்று சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘தாராளமாக ஆக்கலாம், கூரையைச் சரிசெய்த பிறகு’ என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று தெரிந்திருந்தால் நான்கு வரியாவது எழுதியிருப்பேன். ஆகவே இந்த மாதம் வேறு கேள்வி இல்லை. சமையலறை ஒழுகல்காரர்களும் கரையான்காரர்களும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர் ஓரத்தில் ஆங்கிலேயர் காலத்துச் சிறிய ஆலயம் ஒன்று இருக்கிறது. சபையில் மிச்சமிருப்பது ஒன்பது குடும்பங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று ஆண்டுக்கு இரண்டு முறைதான் திறக்கிறார்கள். பாட்டு, நாடகம், ஓவியம் கற்றுக்கொள்ளும் இடமாக அதை மாற்றலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ‘ஆண்டவருடைய வீட்டைக் கொட்டகையாக்குவதா?’ என்று என் மாமியார் அழுகிறார். யார் சொல்வது நியாயம், ஐயா?
– வாசகி, வெலிங்டன் (நீலகிரி)

அம்மா, முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு நாற்காலி போட்டு, திட்டம் பேசும் கூட்டத்தில் உட்காரவையுங்கள். திருமணம் நடந்த இடம், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம், கணவரை வழியனுப்பிய இடம் எல்லாம் அவருக்கு அந்த ஒரே கூடம். அந்த அழுகையைத் தாண்டிப் போகிறவர்கள் எந்தக் கலையையும் நடத்த மாட்டார்கள்.

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் நான் முதன்முதலில் சாரம் ஏறியது ஒரு தேவாலயத்துக்குள்தான். அப்போது எனக்கு ஆறு வயது. அப்பா கொத்தனார், சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி வந்தவர். உள்சுவர்ப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சாரத்தின் முதல் தட்டில் என்னை உட்காரவைத்து, கடுக்காய்த் தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்து, ‘சிந்தினால் இறக்கிவிடுவேன்’ என்றார். கிழக்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாகக் காலை வெயில் இறங்கி, சுண்ணாம்புச் சட்டியில் சிவப்பாகவும் நீலமாகவும் விழுந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்து தண்ணீரைச் சிந்திவிட்டேன். அப்பா இறக்கிவிடவில்லை. அவரும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அதனால் ஒரு தேவாலயம் அதன் சபைக்கு மட்டும்தான் ஏதாவது கொடுக்கும் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

கட்டடம் வேலை மாறுவது நம் மலைக்குப் புதிதுமல்ல. ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829-இல் சென்னை மாகாண ஆளுநர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். 1830-இல் பிரதிஷ்டை, 1831 ஈஸ்டரில் திறப்பு. அதன் பெரிய உத்திரங்கள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மஹால் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தவை. சுல்தானின் கூரையைத் தாங்கிய மரம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக வேதப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மரம் மறுப்புச் சொன்னதாகத் தகவல் இல்லை. அதே ஊரின் அசெம்பிளி ரூம்ஸ், வெள்ளைக்காரர்கள் நடனமாடிய கூடம். பிறகு அங்கே நாமெல்லாம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து சினிமா பார்த்தோம்.

வெளிநாட்டிலும் இது நிறைய நடந்திருக்கிறது. லண்டன் ஸ்மித் சதுக்கத்துப் புனித ஜான் ஆலயம் 1728-இல் கட்டியது. 1941-இல் குண்டு விழுந்து வெறும் சுவராக நின்றது. 1969-இல் இசையரங்காக எழுந்தது. அதே நகரத்தின் புனித லூக்கா ஆலயம் 1733-ஆம் ஆண்டுக் கட்டடம். அஸ்திவாரம் இறங்கியதால் 1959-இல் மூடிக் கூரையையும் பிரித்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மழைக்கும் மரத்துக்கும் விட்டுவைத்து, 2003-இல்தான் லண்டன் சிம்பொனி இசைக்குழு அதைத் தன் பயிற்சிக்கூடமாகத் திறந்தது. ஆம்ஸ்டர்டாமின் பாரடிசோ 1968 முதல் பாட்டரங்கம், அதுவும் ஒரு காலத்தில் வழிபாட்டுக்கூடம். மாஸ்ட்ரிக்ட் நகரில் பதின்மூன்றாம் நூற்றாண்டு தொமினிக்கன் ஆலயம் இன்று புத்தகக்கடை. நடுவில் கொஞ்சகாலம் சைக்கிள் நிறுத்தும் இடமாகவும் இருந்தது. மாமியாரிடம் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ஆனால் அந்த ஊர்களின் கதையை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. அங்கே சபை கலைந்துபோன பிறகு கட்டடம் கைமாறியது. உங்களிடம் ஒன்பது குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்பது குடும்பம் என்றால் குறைந்தது ஒன்பது துடைப்பம்! பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் முன்னால் கனத்த திரை ஒன்று போடுங்கள். ஞாயிறு காலையும் பண்டிகை நாட்களும் எப்போதும் சபைக்கே. மற்ற நாட்களில் கூடம் ஊருக்கு. இதை வாயால் பேசி முடித்துவிடாமல் எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் கையெழுத்து மாமியாருடையதாக இருக்கட்டும்.

தேவாலயத்தில் கூத்தாடச் சொல்லும் உமக்கு வெட்கமாக இல்லையா?
– பெயர் எழுதாத அஞ்சலட்டை, கோத்தகிரி முத்திரை

இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்துவின் கதையைச் சொல்ல எடுத்துக்கொண்டது குறவஞ்சியை. குறத்தி குறி சொல்லி ஆடிப் பாடும் அதே குறவஞ்சிதான். கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் கதையை வாசகப்பா என்னும் நாடகமாக ஆடிய தலைமுறைகள் இருந்திருக்கின்றன. உமது பாட்டனார் அதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கவும்கூடும்.

எதை ஆடலாம், எதை ஆடக்கூடாது என்பது வேறு விஷயம், அதைச் சபையும் ஊரும் உட்கார்ந்து பேசலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. வழிபாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆலயத்தை உலகியல் காரியத்துக்குக் கொடுக்கலாம், இழிவான காரியத்துக்குக் கொடுக்கக்கூடாது என்கிறது. அதையும் பங்குமக்கள் தாங்களாக முடிவுசெய்ய முடியாது. மறைமாவட்ட ஆயர், குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். அடுத்த முறை அட்டையில் பெயரை எழுதும், ஐயா. பதில் எழுதுகிறவனுக்கு யாரிடம் பேசுகிறோம் என்று தெரிய வேண்டாமா?

எங்கள் ஆலயச் சுவரில் இடுப்புயரம்வரை ஈரம் ஏறுகிறது. ஒப்பந்தக்காரர் ஒருவர் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இருபது வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். கலைக்கூடம் திறப்பதற்குள் முடித்துத் தருவாராம். ஒப்புக்கொள்ளலாமா?
– சபைக் குழு உறுப்பினர், அரவங்காடு

அவரை உடனே, மரியாதையாக, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இதை நான் யோக்கியனாக நின்று சொல்லவில்லை. 1986-இல் மேஸ்திரியாக இதே தப்பைச் செய்தவன் நான். மேலே இருந்தவர் சொன்னார், நான் செய்தேன். கொத்தும்போதே பழைய சுண்ணாம்புப் பூச்சு விடமாட்டேன் என்று உளியைக் கவ்விப் பிடித்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிமெண்ட் பூசி, மட்டப்பலகை வைத்து இழுத்து, கண்ணாடிபோல வழவழப்பாக்கிக் கொடுத்தேன். பாராட்டி மாலைகூடப் போட்டார்கள். மூன்றாவது கார்த்திகை மழையில் பூச்சு அப்பளம் பொரிந்ததுபோல எழும்பியது. விரலால் தொட்டால் வெள்ளை உப்பு உதிர்ந்தது. சுவரோரம் இருந்த பெஞ்சின் கால் ஊறி, இழுப்பறை திறக்காத மேசையைப் போலத் தரையோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சுவருக்கு முன்னால் நான் இன்றைக்கும் நிமிர்ந்து நடப்பதில்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்துக் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையில் கட்டியவை. அவை தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெயில் நாளில் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது, பிளாஸ்டிக் பெயிண்ட் மிச்சத்தையும் அடைக்கிறது. வெளியே போக முடியாத ஈரம் மேலே ஏறும். இன்று இடுப்புயரம் என்றால் நாளை தோளுயரம்.

செய்ய வேண்டியது இது. சுவரைத் தொடுவதற்கு முன் வெளியே போய் நின்று, மழை பெய்யும்போது கூரையைப் பாருங்கள். உங்கள் பக்கமும் குன்னூர், கோத்தகிரி பக்கமும் ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்து அடிக்கும். கூடலூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து. எந்தச் சுவர் வாங்கிக்கொள்கிறதோ அந்தப் பக்கத்தில் உடைந்த ஓடு எத்தனை, கூரை விளிம்பில் ஓடும் தகர வாய்க்காலில் சருகு எவ்வளவு என்று எண்ணுங்கள். பத்துக்கு ஏழு ஆலயங்களில் ‘தரை ஈரம்’ என்று சொல்வதெல்லாம் அந்தச் சருகுதான். தண்ணீர் வழிந்து சுவர் அடியிலேயே கொட்டும்போது பாவம் தரை என்ன செய்யும்? அடுத்து, வெளித்தரை பல ஆண்டுகளாக மண் சேர்ந்து உள்தரையைவிட உயர்ந்திருக்கும். அதை வெட்டி இறக்கி, சுவரிலிருந்து தள்ளி ஒரு வாய்க்கால் விடுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் பொறுத்திருந்து பாருங்கள். பாதி ஈரம் தானாக இறங்கிவிடும்.

அதன் பிறகு சுவர். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்’ என்றால் பூச்சு பிடித்திருக்கிறது, தொடாதீர்கள். பொந்தில் தட்டினாற்போல ‘பொத்’ என்றால் அந்த இடத்தை மட்டும் சாக்பீஸால் வட்டமிட்டு எடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் சில வாரமாவது ஊறப்போட வேண்டும். கூர்மணல் சுண்ணாம்பைப்போல் இரண்டரை, மூன்று பங்கு. அப்பா கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பார். ஒவ்வொரு கொத்தனாருக்கும் அதில் ஒரு தனிக் கைப்பக்குவம் உண்டு, சமையலைப்போல. மெல்லிய பூச்சு, அது இறுகிய பின் அடுத்தது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். உறைபனி விழும் மார்கழி, தை வேண்டாம். மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், வேறெதுவும் வேண்டாம்.

திறப்பு விழாவுக்குள் முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. விழாவைத் தள்ளிப் போடுங்கள்.

ஆலயத்துக்குள் மிருதங்கத்தோடு ஒரு கச்சேரி வைத்துப் பார்த்தோம். சொற்கட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிட்டது. பாடகர் குழு பாடியபோது மட்டும் தேவலோகம். ஒலிபெருக்கியைக் கூட்டினோம், இன்னும் மோசம். என்ன செய்வது?
– பள்ளி இசை ஆசிரியர், கோத்தகிரி

ஒலிபெருக்கியைக் கூட்டியதற்கு உங்களுக்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன், ஆசிரியரே. எதிரொலிக்கிற கூடத்தில் சத்தத்தைக் கூட்டுவது, ஒழுகுகிற பானையில் இன்னும் தண்ணீர் ஊற்றுவது.

கல், பூச்சு, கண்ணாடி மூன்றும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. நீண்ட சுருதியில் பாடும் குழுப்பாட்டுக்கு அந்த நீட்சி அழகு. தகதிமிக்கு அது எமன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் பேசினால் ஒரு சொல் ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டிருந்ததாம். 1895-இல் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் அதைச் சரிசெய்யும் வேலை வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து ஒவ்வொன்றாக வைத்து, ஊர் அடங்கிய இரவில் ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட வேண்டும். இன்று உலகம் முழுதும் அரங்கு கட்டுகிறவர்கள் போடும் கணக்கு அந்த மெத்தைகளில் பிறந்தது.

உங்கள் கூடத்துக்கு உத்தேசமாக ஒரு கணக்கு. நீளம் 18 மீட்டர், அகலம் 8, சராசரி உயரம் 8 என்று வைத்தால் 1152 கன மீட்டர். அதைச் சபைன் கணக்கின் மாறா எண்ணான 0.161-ஆல் பெருக்கினால் 185. கூடம் வெறுமையாக இருக்கும்போது ஒலி விழுங்கும் அளவு 60 சதுர மீட்டர் என்று கொண்டால், 185-ஐ 60-ஆல் வகுக்க, ஒலி அடங்க மூன்று விநாடி. 150 பேர் வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விழுங்குவார்கள், அதிலும் ஸ்வெட்டர் போட்ட நீலகிரிக்காரர்கள் நன்றாகவே விழுங்குவார்கள். ஒன்றரை விநாடிக்கு வந்துவிடும். ஆக, ஒத்திகையில் கூழாகும் மிருதங்கம் கூட்டம் நிறைந்த கச்சேரியில் பாதி தெளிந்துவிடும்.

மீதிக்கு, பின்சுவரில் கனத்த கம்பளிகளைத் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, மடிப்பு மடிப்பாக. பாட்டுக்குழு பாடும் நாளில் இழுத்து ஒதுக்கிக்கொள்ளலாம். சுவரில் ஆணி அடிக்க வேண்டாம், இரண்டு மரக்கால் நட்டுக் கம்பியில் மாட்டுங்கள். நடுவில் நின்று ஒரு முறை கைதட்டி, ஒலி அடங்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். உங்கள் காது சபைனுடைய காதைவிடக் குறைந்ததல்ல.

ஆலயத்தைச் சுற்றிக் கல்லறைகள் இருக்கின்றன. மாலை நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் மேலே உட்கார்ந்து வறுகடலை தின்கிறார்கள்.
– வாசகர், ஊட்டி

அடிக்கவே தோன்றுகிறது. கல்லறைகளுக்கு வெளியே நடைபாதையை விட்டு, மூங்கில் தடுப்பு ஒன்று கட்டுங்கள். உட்காரும் பெஞ்சுகளை நீங்களாகவே வேறு பக்கத்தில் போட்டுவிட்டால் ஜனங்கள் கல்லறையைத் தேடிப் போக மாட்டார்கள். புனித ஸ்டீபன் ஆலயத் தோட்டத்தில்தான் ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது சல்லிவன் நமக்குப் பாடப்புத்தகத்தில் இருந்த துரையாக இருப்பதில்லை, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாக ஆகிவிடுகிறார்.

கல்லில் இருக்கும் எழுத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அமிலமும் வேண்டாம். வெறும் தண்ணீரும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். ஒவ்வொரு கல்லையும் சாய்வெயிலில் புகைப்படம் எடுத்து எழுத்தைப் படியெடுத்து வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலைக்கூடம் கொடுக்கும் முதல் வேலையாக அதையே கொடுக்கலாம். லண்டன் புனித லூக்காவில் வேலை செய்தபோது நிலவறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்களை முறைப்படி எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள். நமக்கு அவ்வளவு வேலை இல்லை, வறுகடலையை நிறுத்தினால் போதும்.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– வாசகர், கூடலூர்

முதலில் சொத்து யாருடையது என்று பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமானால், 1947-இல் அந்தத் திருச்சபை உருவானதிலிருந்து சொத்துகள் அதன் அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருப்பதுதான் வழக்கம். ஊர்ச் சேகரக் குழு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்தால் அது செல்லாது. பேராயர் அலுவலகம்வரை போக வேண்டும். கத்தோலிக்க ஆலயம் என்றால் மேலே சொன்னபடி மறைமாவட்டம். வாய்வழிச் சம்மதத்தை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஆயர் மாறுவார், அடுத்து வருகிறவருக்கு உங்கள் முகம் தெரியாது.

கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, ஒரு ஒப்பனை அறை என்று எழுப்புவதாக இருந்தால் உள்ளாட்சி அனுமதி தேவை. நீலகிரியில் புதுக் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. ஹாக்கா என்று அலுவலகங்களில் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மண் தோண்டும் எந்திரத்தை அழைப்பதற்கு முன் கேளுங்கள், பின்னால் அல்ல. கட்டணம் வாங்கி நிகழ்ச்சி நடத்தினால் உரிமம் தனி. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. அது சட்டம் மட்டுமல்ல, காலை ஏழு மணிக்கு இலை பறிக்கப் போகிறவர்களின் தூக்கமும்கூட.

சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் கேட்பது ஒன்று உண்டு. பழைய ஆலயக் கதவுகள் பெரும்பாலும் உள்ளே பார்த்துத் திறப்பவை. நூறு பேர் ஒரே நேரத்தில் வெளியே ஓடினால் கதவு மூடிக்கொள்ளும். மேலே இருப்பது நூறாண்டு காய்ந்த மரக்கூரை, கீழே நாடக விளக்குகளின் சூடு. நிகழ்ச்சி நேரத்தில் கதவுகளைத் திறந்து கொக்கி போட்டு வையுங்கள். பக்கக் கதவு பூட்டியிருந்தால் நிகழ்ச்சியே வேண்டாம். பழைய மின்கம்பிகளை ஒரு மின்பணியாளர் முழுவதும் பார்த்து எழுதித் தந்த பிறகு விளக்கைப் போடுங்கள்.

பழைய பெஞ்சுகளை விற்றுப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கலாமா?
– வாசகர், லவ்டேல்

விற்க வேண்டாம். வாங்க வருகிறவர் தரும் விலையைக் கேட்டாலே அவர் ஏன் ஆசைப்படுகிறார் என்று புரிந்துவிடும்.

கூடத்தின் ஒரு மூலையில் சாக்லேட் கடை வைத்தால் செலவுக்கு ஆகுமே?
– வாசகர், ஊட்டி

ஊட்டியில் சாக்லேட் விற்காத மூலை ஒன்றாவது இருக்கட்டும். தேநீரும் வர்க்கியும் விற்றுக்கொள்ளுங்கள், அதையும் வாசலுக்கு வெளியே.

என் அம்மா கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறார். எங்கள் தாத்தா இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர், காமன் கூத்தில் ரதியாக வேடம் கட்டியவர். எங்கள் லைனுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எதிரே இருக்கும் பழைய தேவாலயத்தைக் கலைக்கூடம் ஆக்குகிறார்கள். விளம்பரப் பலகையில் பியானோ வகுப்பு, வாட்டர் கலர் வகுப்பு என்று போட்டிருக்கிறது. எங்களை உள்ளே விடுவார்களா?
– கல்லூரி மாணவி, கோத்தகிரி அருகே

மகளே, வந்த கடிதங்களில் உன்னுடையதைத்தான் நான் மூன்று முறை படித்தேன்.

1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்காக 1968-இல் இந்த மாவட்டத்தில் அரசு தேயிலை நடத் தொடங்கியது. பெட்டியோடு தாத்தாக்கள் கொண்டுவந்ததில் காமன் கூத்தும் இருந்தது, தப்புப் பறையும் இருந்தது. அவர்கள் ஆடியது லைன் வாசலில். மழை வந்தால் ஆட்டம் நிற்கும். எதிரே கூரையுள்ள கூடம் ஒன்று பூட்டிக்கிடந்தது.

கலைக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு. பியானோ இருக்கட்டும், நல்லது. (நம் ஈரத்தில் அது மாதம் ஒரு முறை சுருதி இறங்கும், அதற்கும் பணம் எடுத்துவைக்கச் சொல்.) ஆனால் கூப்பிடு தூரத்தில் இருப்பது என்னென்ன? வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் பூத்தையல், 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கோத்தர்களின் கொள் என்னும் ஊதுகுழலும் பறையும். வேங்கைப் பாலைத் தொட்டு ஆலுக்குறும்பர் எழுதும் ஓவியம். படகர்கள் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டம். உன் தாத்தாவின் ரதி. இவர்களை ஆண்டு விழாவுக்கு வரவழைத்து, சால்வை போர்த்தி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டால் அது கலைக்கூடம் ஆகாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அங்கே வகுப்பு எடுப்பவர் யார், அவருக்குச் சம்பளம் உண்டா என்று கேள்.

இன்னொன்றும் கேள்: சாவி யாரிடம்? நான் பார்த்த ஓர் ஊரில் இதைப்போல ஒரு கூடம் திறந்தார்கள். ஊர் சொல்ல மாட்டேன். பளபளப்பான விழா. சாவி நகரத்தில் இருக்கும் ஓர் அன்பரிடம். அவர் நல்லவர்தான், ஆனால் மலைக்கு வருவது சனி, ஞாயிறு. நடுவில் ஐந்து நாள் பூட்டு. ஒரு புதன்கிழமை காற்றில் ஓடு பறந்தது. சனிக்கிழமை அவர் வந்து திறந்தபோது மேடைப் பலகை மிதந்தது. எதிர் வீட்டுக்காரர் ஓடு விழும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், ஆனால் அவரிடம் சாவி இல்லை.

மூன்று சாவி வெட்டச் சொல். ஒன்று சபையில். ஒன்று நிர்வாகத்தில். மூன்றாவது எதிர் லைனில், உங்கள் வீட்டு ஆணியில் தொங்கட்டும். மழை பெய்கிற இரவில் ஓடிப்போய்ப் பார்க்கப் போகிறவர்கள் நீங்கள்தானே.

ஆலய மணியின் கயிறு இற்றுவிட்டது. கலைக்கூடத்துக்கு மணி எதற்கு, இறக்கி வைத்துவிடலாம் என்கிறார்கள்.
– வாசகர், கேத்தி

புதுக் கயிறு போடுங்கள். பருத்திக் கயிறு, பிடிக்கும் இடத்தில் மட்டும் கம்பளி சுற்றி. காலையில் கை விறைக்கும்.